தேருக்குப் போட்ட தோல்

தேயாத இரும்பு வந்த வருஷம்தான் சர்க்கரை ஆலையில் என் வேலை போனது. யாரும் திட்டி அனுப்பவில்லை. மாலைகூடப் போட்டார்கள். நான் அங்கே கிரீஸ் வைக்கிறவன். உருளைக்கு உருளை, பேரிங்குக்குப் பேரிங் வைத்துக்கொண்டே போவேன். கடைசி உருளைக்கு வந்து சேர்கிறபோது முதல் உருளை மறுபடி காய்ந்து கத்தும். இரும்பு இரும்போடு உரசினால் தேயும். தேய்ந்தால் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். இப்போது இரும்புக்கு ஒரு தோல் கண்டுபிடித்திருக்கிறோம், இனிமேல் தேயாது, கிரீஸும் வேண்டாம் என்றார்கள். மாலையைக் கழற்றி ஆலை வாசலிலேயே மாட்டிவிட்டு வந்தேன்.

பிறகு அந்தத் தோல் எல்லா இடத்துக்கும் வந்தது. போர்வெல் மோட்டார், பஸ், ரயில், மாவரைக்கிற கிரைண்டர். ஊரில் பேரிங் கடை வைத்திருந்தவன் அதே கடையில் பிரியாணி போடுகிறான். லேத் பட்டறை இருந்த இடத்தில் கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறார்கள். கரண்டு மிச்சம், டீசல் மிச்சம் என்று டிவியில் சொன்னார்கள். மிச்சமானது எந்த வீட்டுக்குப் போனதென்று சொல்லவில்லை. சனங்கள் அதற்கு வழுக்குத்தோல் என்று பேர் வைத்தார்கள்.

அதைப் போடுகிற படிப்பைத்தான் என் தம்பி செல்லையா மகள் இலக்கியா படித்தாள். மேலப்பெருங்கரை காலனியிலிருந்து முதல் இன்ஜினியர். என் சோற்றில் மண் விழுந்ததும் அவளுக்குச் சம்பளம் வந்ததும் ஒரே சாமானால். அதற்காக நான் அவள்மேல் கோபப்பட்டதில்லை. சந்தேகப்பட்டதுண்டு. சந்தேகம் எனக்கு எல்லார்மேலும் உண்டு.

ஊர்த் தேருக்கு அந்தத் தோலைப் போடலாம் என்று கோயிலில் முடிவெடுத்தார்கள். வேலை அவள் கம்பெனிக்கு வந்தது. கம்பெனி அவளையே அனுப்பியது. கோயில் மைக்கில் "நம்ம ஊர்ப் பொண்ணு" என்று அவள் பேரைச் சொன்னார்கள். எங்கள் தெருப் பேர் ஒன்று அந்த மைக்கில் வந்தது அதுதான் முதல் தடவை. செல்லையா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. சந்தோஷத்தில் அவனுக்கு வயிறு அடைத்துக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இலக்கியா கையகலத் தகடு ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள். கருநீலமாக, நாவல்பழத் தோல் மாதிரி மின்னியது.

"தொட்டுப் பாருங்க பெரியப்பா."

விரலை வைத்தேன். நிற்கவில்லை, ஓடிவிட்டது.

"எண்ணெ தடவியிருக்கியா?"

"ஒண்ணும் தடவல. வெறும் தோலுதான். தலைமுடிய நூறாக் கிழிச்சா வர்ற கனம். அடியில பொடிப்பொடியா குழி போட்டிருக்கோம், அம்மி கொத்துற மாதிரி."

"அம்மி கொத்துறது நல்லா அரைக்கறதுக்கில்ல?"

"இது அப்படியே தலைகீழு. உள்ள வர்ற மண்ணு, தூசு எல்லாம் அந்தக் குழியில விழுந்துரும். கீறாது. உரச உரச, அந்தச் சூட்டுலயே தோலு தானா வளந்துக்கும்."

"அப்ப அதுக்குச் சாவே இல்லையா?"

"நம்ம காலத்துல இல்ல."

செல்லையா காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேட்டேன்: "தேருக்குப் போட்டா இழுக்க எத்தன பேரு வேணும்?"

"நாப்பது பேரு போதும்," என்றாள். முகமெல்லாம் பல். "பேசிக்கிட்டே இழுக்கலாம்."

"எந்த நாப்பது?"

அவளுக்கு நான் கேட்டது உடனே விளங்கவில்லை. செல்லையாவுக்கு விளங்கிவிட்டது. தம்ளரைக் கீழே வைத்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வடம் தொட்டது ஊர் மனசு மாறியதால் அல்ல. கோர்ட்டு சொல்லியும் அல்ல. பிள்ளைகள் எல்லாம் வெளிநாடும் சென்னையும் போய்விட்ட ஒரு வருஷம், ஆள் பத்தாமல் தேர் கீழவீதியில் நின்றுபோனது. அச்சில் துரு, மேலே மலை மாதிரி மரம். எத்தனை பேர் இழுத்தும் அசையவில்லை. சாமி வெயிலில் நின்றது. அப்போதுதான் காலனிக்கு ஆள் அனுப்பினார்கள். முந்நூறு பேர் போனோம். தேர் நகர்ந்தது. அடுத்த வருஷமும் கனத்தது, அடுத்த வருஷமும் கூப்பிட்டார்கள். தேர் கனத்தவரைக்கும் நாங்கள் வேண்டும்.

"அதெல்லாம் இப்ப யாரு பெரியப்பா பாக்குறா?" என்றாள் இலக்கியா. "இத்தன வருஷமா கூடத்தான இழுக்கறோம்?"

"அவனுக்குக் கை பத்தல, இழுக்கறோம். நீ இப்பக் கைய மிச்சம் பண்ணிக் குடுக்கற."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்."

"ஆமா. அதனாலதான் இன்னும் உசுரோட இருக்கேன்."

தேர் அச்சில் தலைமுறை தலைமுறையாக ஊறிய கிரீஸைச் சுரண்டி, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவ என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேலை பழகிய ஆள் என்று. தேர் நிற்கிற தேர்முட்டியில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். இலக்கியாவும் கோயில் அதிகாரியும் நின்றிருந்தார்கள். தேருக்குக் கட்டை போடுகிற தியாகராச ஆசாரி ஓரமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். ஓடுகிற தேரின் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகித்தான் தேரை நிறுத்துவது, திருப்புவது எல்லாம். சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டாவும் கட்டையும் கடித்துக்கொள்ள வேண்டும். நொடி தவறினால் கை போய்விடும். ஆசாரிக்கு அதுவரை தவறியதில்லை.

அப்போது கலியமூர்த்தி வந்தார். லாரிக்காரர், ஊர்ப் பெரிய மனுஷர். தோல் போடுகிற செலவு அவர் உபயம். எங்கள் ஊர்க் கோயிலில் டியூப்லைட்டில் உபயதாரர் பேரைப் பட்டையாக எழுதியிருப்பார்கள், வெளிச்சம் எழுத்துச் சந்து வழியாகத்தான் வரும். அப்படிப்பட்ட ஊர்.

"ஏம்மா, அச்சுக்குள்ள போட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்?" என்றார். "சக்கரத்துக்கும் சேத்துப் போட்டுரு. நல்லா மின்னுது. அதுலயே பேரும் வர்ற மாதிரி செஞ்சுரு."

"சக்கரத்துக்கு வேண்டாங்க," என்றாள் இலக்கியா. "கட்டை போட்டா பிடிக்காது. நழுவிரும்."

"கட்டையெல்லாம் ஆசாரி பாத்துக்குவாரு. என்ன ஆசாரி?"

ஆசாரி வெற்றிலைச் சாற்றை விழுங்கினார். கலியமூர்த்தி வீட்டுக்குத்தான் அவர் மகன் கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்தான். "பாத்துக்கலாங்க," என்றார்.

"அவ்வளவுதான? அவரே சொல்லிட்டாரு. நீ போடும்மா," என்றார் கலியமூர்த்தி.

அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்தார். "உங்க கம்பெனியில ஒரு வார்த்த கேட்டுட்டு, நாளைக்குச் சொல்லுங்கம்மா," என்றார்.

"கேக்கறேன் சார்," என்றாள்.

மறுநாள் காலையில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பு வந்தது. தேர் இலகுவாகிவிடும் என்பதால் நெரிசலைத் தவிர்க்க வடம் பிடிக்க நாற்பது பேருக்கு மட்டும் டோக்கன். டோக்கன் அந்தந்த மண்டகப்படிக்காரர்களிடம். மற்ற பக்தர்கள் பாதுகாப்பாகத் தடுப்புக்கு வெளியே நின்று தரிசனம் செய்யவும். எந்தச் சாதி பேரும் இல்லை, எந்தத் தெரு பேரும் இல்லை. பழுது சொல்ல ஓர் எழுத்து இல்லை. திருவிழா நாளுக்கு உபயம் ஏற்கிற மண்டகப்படி எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. அவ்வளவுதான்.

ஆட்டோ எங்கள் தெருவுக்குள் வராமல் முனையிலேயே நின்று கத்திவிட்டுத் திரும்பியது. தண்ணீர்த் தொட்டியடியில் ஆட்கள் கூடினார்கள்.

"பாதுகாப்பாம்ல," என்றான் பக்கிரிசாமி. எழவு வீட்டிலும் சிரிக்க வைக்கிறவன். "நம்ம உசுரு மேல ஊருக்கு இவ்வளவு அக்கறன்னு தெரியாம போச்சே. தெரிஞ்சிருந்தா சாக்கடையில இறங்கறப்பவும் கயிறு கட்டிக் கேட்டிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. இலக்கியா அப்போதுதான் வேலைக்குக் கிளம்பி வெளியே வந்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன்.

"சந்தோஷமாடி? நீ படிச்ச படிப்பு நம்ம கைய வெட்டிருச்சு."

"மைக்குல அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"செவுடா நீ? திரும்பப் போய்க் கேளு, திரும்பச் சொல்லுவான்."

செல்லையா என் கையைப் பிடித்து இழுத்தான். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். வருத்தப்பட்டமாதிரியும் தெரியவில்லை. கணக்கு மனசுக்குள் ஓடுகிறபோது பிள்ளைகள் ஒரு பார்வை பார்க்குமே, அந்தப் பார்வை.

நான் அச்சைக் கழுவி முடித்து ஒப்படைத்த சில நாளில் அச்சோடு சக்கரங்களும் நீலமாகிவிட்டன. பட்டாவைச் சுற்றிக் கலியமூர்த்தி பேர். நான்கு சக்கரத்திலும்.

தேரன்று நாங்கள் தெற்குவீதிக் கோடியில் மூங்கில் தடுப்புக்குப் பின்னால், புளியமரத்தடியில் நின்றோம். வடம் தொடாத காலத்தில் எங்கள் அப்பன்மார் நின்று பார்த்த அதே மரம். அந்த முனையில்தான் தேர் வலது கைப்பக்கம் மேலவீதிக்குத் திரும்பும். திரும்பாமல் நேரே போனால் எங்கள் தெரு. எங்கள் தெரு பள்ளம். ஊரில் பெய்கிற மழையெல்லாம் தெற்குவீதி வழியாக எங்கள் வாசலுக்குத்தான் வரும். பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

தேர் வந்தது. நான் பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் வந்தது. சத்தமே இல்லை. முன்னெல்லாம் தேர் முனகும், கிறீச்சிடும், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கும். இப்போது நாற்பது பேர் வெள்ளை பனியனில் மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நடந்து வந்தார்கள். தெற்குவீதியில் பாதி வந்தபோது அவர்கள் இழுக்கவில்லை. வடம் தொங்கிப்போயிருந்தது. தேர் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தது.

முனைக்கு வந்ததும் ஆசாரி வலது சக்கரத்துக்குக் கட்டையைச் செருகினார். சோப்புக்கட்டி மாதிரி அது வெளியே பாய்ந்தது. இன்னொன்றை எடுத்தார். இந்தத் தடவை கட்டையோடு கையும் சேர்ந்து போனது. அவர் கத்தினது எனக்குக் கேட்கவில்லை, வாய் திறந்ததுதான் தெரிந்தது. தேர் திரும்பவில்லை. நேரே வந்தது.

பனியன் போட்டவர்கள் வடத்தை விட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். இலக்கியா எங்கிருந்தோ கத்தினாள். "வடத்த எடுங்க! பின்னால கொண்டு ஓடுங்க! பின்பக்கமா இழுங்க!"

எங்கள் ஆட்கள் தடுப்பைத் தாண்டப் போனார்கள். நான் கையை நீட்டி மறித்தேன். "தொடாதீங்கடா! டோக்கன் இல்லாதவன் தொடக்கூடாதுன்னானுங்கல்ல? போவட்டும்!"

"யோவ், எங்கய்யா போவும்?" என்று பக்கிரிசாமி என் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "கீழ நம்ம புள்ளைங்க இருக்குதுய்யா!"

திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்கக் கோலம். பொம்பளைகள் அரிசி மாவுக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்கள். குழந்தைகள் தேர் வருகிறது என்று கைதட்டின.

பிறகு நானும்தான் பிடித்தேன். ஒரு வடத்தைப் புளியமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். இன்னொன்றை ஆண் பெண் என்று பார்க்காமல் எல்லாரும் பிடித்துத் தொங்கினோம். கயிறு மரத்தைத் தேய்த்து, பட்டை கருகிப் புகை வந்தது. அந்தப் புகை என் மூக்கில் இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் அன்றைக்கு எதையாவது பிடித்து நின்றது அந்தக் கயிறும் மரமும்தான். தோல் போடாததால். ஊர்க்காரர்களும் ஓடிவந்து பின்னால் சேர்ந்தார்கள். யார் தோளில் யார் கை என்று பார்க்க நேரமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு இறக்கினோம். தேர் எங்கள் தெருவுக்குள் வந்து, மழைத்தண்ணீர் வந்து நிற்குமே, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், அங்கேயே வந்து நின்றது.

மேலே குருக்கள் தூணைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பக்கிரிசாமி கீழிருந்து, "சாமி, இறங்குங்க, இதுவும் பூமிதான்," என்றான்.

ஒருத்தி தேங்காய் பழம் கொண்டுவந்தாள். பிறகு தெருவே கொண்டுவந்தது. குருக்கள் ஒரு நிமிஷம் பார்த்தார். வாங்கி உடைத்தார். பக்தியில் உடைத்தாரா பயத்தில் உடைத்தாரா என்று எனக்குத் தெரியாது. உடைத்தார்.

"இப்ப எப்படிம்மா மேல ஏத்தறது?" என்று அதிகாரி இலக்கியாவிடம் கேட்டார்.

"தோலு உரசலத்தான் சார் எடுக்கும். கனத்த எடுக்காது," என்றாள். "மேட்டுல ஏத்தறதுக்கு எல்லாரும் வேணும்."

மறுநாள் எல்லாரும் வந்தார்கள். டோக்கன் கேட்க ஆள் இல்லை. கலியமூர்த்தி எனக்கும் பக்கிரிசாமி பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று வடம் பிடித்தார். அவர் வியர்வை என்மேல் வழிந்தது. இதைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். நான் அழவில்லை. மேடு ஏறும்வரைக்கும்தான் நாங்கள் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆசாரிக்கு வலது கை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கொஞ்ச நாளில் அவர் செல்லையா வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல். நானும் இருந்தேன். நாற்காலி போட்டோம். உட்கார்ந்தார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார், இடது கையால்.

"பொண்ணு மனசுல ஒண்ணும் வச்சுக்காத," என்றார் இலக்கியாவிடம். "நீ வேண்டாம்னுதான் சொன்ன. நான்தான் பாத்துக்கலாம்னேன். என் வாய் செஞ்சதுக்கு என் கை அனுபவிக்குது. விசாரணைக்கு வராங்களாம். நான் இதத்தான் சொல்லப் போறேன்."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். ஆசாரி எழுந்து போனார். அவர் தெரு முனையைத் தாண்டியதும் என்னிடம் சொன்னாள்.

"பெரியப்பா, கம்பெனியில கேக்கவே இல்ல."

"என்னாது?"

"கேட்டுட்டு நாளைக்குச் சொல்லுங்கன்னாரு. கேட்டிருந்தா சக்கரத்துக்குப் போட விட்டிருக்க மாட்டாங்க. மறுநாள் அந்தச் சாரு, என்னம்மா ஆச்சுன்னாரு. போட்டுரலாம் சார்னேன்."

"எப்ப?"

"மைக்கு வந்துட்டுப் போன அன்னிக்கு. நீங்க திட்டினதுக்கு அப்புறம்."

செல்லையா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தான். கஞ்சி கொட்டுகிற சத்தம் கேட்டது. நான் கேட்டேன்: "இப்படி ஆவும்னு தெரியுமா உனக்கு?"

"தேரு திரும்பாதுன்னு தெரியும். எங்க வந்து நிக்கும்னும் தெரியும். மழைக்கு நம்ம வீட்டுல தண்ணி எறச்சவதான நான்." ஆசாரி குடித்த தம்ளரை எடுத்துக்கொண்டே, "மெதுவாத்தான் வரும்னு நெனச்சேன். ஆசாரி ரெண்டாவது கட்டைய எடுப்பாருன்னு நெனக்கல," என்றாள்.

அவளை அடிக்கத் தோன்றியது. அவள் தலையில் கைவைக்கவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. தெருவில் அன்றைக்கு யார் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விசாரணைக்கு மாவட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நல்ல மாதிரி. என்னை உட்காரச் சொல்லித்தான் கேட்டார். ஆசாரி ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். கோயில் அதிகாரிக்குத் தேதியெல்லாம் ஞாபகமில்லை, கலியமூர்த்தியைக் கைகாட்டுவதுதான் அவருக்கு வசதி. தேர்முட்டியில் இருந்த மிச்ச ஆள் நான்.

"சக்கரத்துக்கு வேண்டாம்னு அந்தப் பொண்ணு எச்சரிக்கை செஞ்சாங்களா?"

"செஞ்சா. கட்டை பிடிக்காது, நழுவிரும்னு சொன்னா. என் காதால கேட்டேன்."

"எத்தனை தடவை சொன்னாங்க?"

கேட்கவேண்டுமே என்று கேட்டார்.

"ஒரு தடவை."

"ஒரு தடவை போதும் ஐயா," என்று அந்த அம்மா பேனாவை மூடினார்.

அவர் வளர்ந்த தெருவில் போதுமாக இருக்கும். எங்கள் தெருவில் விளக்குக்கு, சாக்கடைக்கு, பிணம் கொண்டுபோகிற பாதைக்கு எத்தனை தடவை சொன்னோம், யாருக்கெல்லாம் சொன்னோம். ஒரு தடவை சொன்னால் அது சொன்னதாகவே ஆகாது என்பது அங்கே பிறந்த பிள்ளைக்குத் தெரியும். கடைசியில் போடலாம் என்றது யார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கேட்கவில்லை.

காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். வழியில்தான் ஆசாரி வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே இடது கையால் உளி பிடித்து எதையோ தட்டிப் பழகிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுவிடப் போகிறார் என்று எட்டி நடந்தேன்.